மரம் அறுக்கும் முன் மூன்று எண்களைப் பாருங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலோர மாவட்ட விவசாயிகளின் மனத்தில் இரண்டு புயல்கள் வந்து போகும். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல், கடலூர் மாவட்டத்தின் முந்திரித் தோப்புகளையும் பண்ருட்டிப் பலாவையும் சாய்த்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகளை வேரோடு பிடுங்கியும் இடுப்போடு முறித்தும் போட்டது. பாதை திறக்கவும், கூரைமேல் கிடந்த மரத்தை அகற்றவும், தோப்பைச் சீர்செய்யவும் அன்று எல்லோரும் தேடியது செயின்சா என்னும் மரம் அறுக்கும் இயந்திரத்தைத்தான்.

இன்று அது புயலுக்கு மட்டுமான கருவியாக இல்லை. சவுக்கு அறுவடைக்கும், தைல மரத்துக்கும், சீமைக்கருவேலம் அகற்றவும், காய்ப்பு நின்ற தென்னையை வெட்டவும் ஊருக்கு ஊர் இந்த இயந்திரம் வந்துவிட்டது. சொந்தமாக வாங்கியவர்களும் உண்டு. வாடகைக்கு எடுப்பவர்களும் உண்டு. வாங்கும்போது எத்தனை சிசி, பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்று கேட்கிறோம். ஆனால் மரத்தைத் தொடுவது செயின். அந்தச் செயினைத் தாங்கிப் பிடிப்பது பார் எனப்படும் நீண்ட இரும்புப் பட்டை. சில ஊர்களில் அதையே பிளேடு என்கிறார்கள். இந்த இரண்டையும் பற்றி நாம் கேட்கும் ஒரே கேள்வி, “இதைவிட நீளமானது இல்லையா?” என்பதுதான்.

அந்தக் கேள்வி தவறான கேள்வி. அதற்கு விலையாகச் சிலர் இயந்திரத்தை இழக்கிறார்கள். சிலர் கையையோ காலையோ இழக்கும் நிலைக்கு வருகிறார்கள். மழைக்கு முன்பாகவே இதைப் பேசிவிடுவது நல்லது.

நீளத்தில் என்ன இருக்கிறது?

பாரின் நீளத்தை முடிவு செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, நீங்கள் அதிகம் அறுக்கும் மரத்தின் பருமன். மற்றொன்று, இயந்திரத்தின் திறன். உங்கள் தோப்பில் இருக்கும் ஆகப்பெரிய மரத்தைப் பார்த்துப் பார் வாங்காதீர்கள். ஆண்டு முழுவதும் அறுக்கப்போகும் மரத்தைப் பாருங்கள். அதன் விட்டத்தைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக இருந்தால் ஒரே வீச்சில் அறுபடும்.

சவுக்கு, சீமைக்கருவேலம், கிளை கழித்தல் ஆகிய வேலைகளுக்கு 12 முதல் 16 அங்குலப் பார் தாராளம். தென்னையின் தண்டு பெரும்பாலும் ஓர் அடியை ஒட்டிய விட்டம். அதற்கு 16 அல்லது 18 அங்குலம் போதும். பழைய புளி, மா, வேம்பு போன்ற பெருமரங்களுக்குத்தான் 20 அங்குலத்துக்கு மேல் தேவைப்படும். ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்த வேலைக்கு, பெரிய இயந்திரமும் பழகிய கையும் உள்ளவரை அழைப்பதே சிக்கனம்.

இயந்திரத்தின் திறனுக்கும் ஓர் எல்லை உண்டு. 35 முதல் 40 சிசி இயந்திரத்துக்கு 14 முதல் 16 அங்குலம், 45 முதல் 55 சிசிக்கு 16 முதல் 18 அங்குலம் என்பது பொதுவான கணக்கு. உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் எந்தெந்த நீளம் பொருந்தும் என்று அச்சிட்டிருப்பார்கள், அதுவே இறுதி. சிறிய இயந்திரத்தில் நீளமான பாரை மாட்டினால் மரத்துக்குள் இறங்கியதும் செயினின் வேகம் குறையும். வேகம் குறைந்ததும் ஆள் அழுத்துவார். அழுத்த அழுத்த கிளட்ச் வழுக்கிச் சூடேறும். எண்ணெய் பம்பு அந்த நீளத்துக்காகச் செய்யப்பட்டதல்ல என்பதால் நுனி வரை எண்ணெய் போய்ச் சேராது. பாரின் நுனி கறுத்துப் போவது இப்படித்தான். இரண்டு ஜோடி மாடு இழுக்க வேண்டிய பாரத்தை ஒரு கன்றுக்குட்டியின் கழுத்தில் கட்டுவது போன்ற வேலை இது.

நீளமான பாரில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அறுக்கும்போது நம் கண் வெட்டு வாயில் இருக்கும். பாரின் நுனி மரத்துக்கு அந்தப் பக்கம், கிளைக்கோ மண்ணுக்கோ அருகில் இருக்கும். நுனியின் மேற்பாதி எதிலாவது பட்டால், செயின் அங்கே சிக்கி, அந்த விசையில் பார் முழுவதும் கண்ணிமைக்கும் நேரத்தில் மேலெழும்பி அறுப்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி வரும். இதை எதிருதை என்று சொல்லலாம். செயின்சா விபத்துகளில் மிகக் கொடியது இது. தேவைக்கு மேல் நீளம் என்றால், நம் கண்ணுக்குத் தெரியாத நுனியும் அந்த அளவுக்குத் தூரத்தில் இருக்கிறது என்று பொருள்.

அந்த மூன்று எண்கள்

பழைய செயின் தேய்ந்துவிட்டது, புதிது வேண்டும் என்று கடைக்குப் போகிறோம். “18 அங்குலச் செயின் கொடுங்கள்” என்கிறோம். கடைக்காரரும் ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார். வீட்டுக்கு வந்து மாட்டினால் இறுக்கம் கிடைப்பதில்லை, அல்லது பாரில் உட்காருவதே இல்லை. நீளத்தை மட்டும் சொல்லிச் செயின் வாங்க முடியாது. மூன்று எண்களைச் சொல்ல வேண்டும்.

முதல் எண், பிட்ச். செயினில் அடுத்தடுத்துள்ள மூன்று ரிவெட்டுகளின் மையத்துக்கு மையம் உள்ள தூரத்தை அளந்து, இரண்டால் வகுத்தால் வருவது பிட்ச். கடைகளில் அதிகம் கிடைப்பவை 3/8 அங்குலமும் 0.325 அங்குலமும். கிளை கழிக்கும் சிறிய இயந்திரங்களில் 1/4 அங்குலமும், மிகப் பெரியவற்றில் 0.404 அங்குலமும் வரும். மூன்று ரிவெட்டுகளுக்கு இடையே சுமார் 16.5 மில்லிமீட்டர் இருந்தால் அது 0.325; சுமார் 19 மில்லிமீட்டர் இருந்தால் 3/8. இயந்திரத்தின் பல்சக்கரம், பாரின் நுனிச் சக்கரம், செயின் ஆகிய மூன்றும் ஒரே பிட்ச்சாக இருக்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. 3/8 அங்குலத்திலேயே சிறிய இயந்திரங்களுக்கான தாழ்ந்த வகையும் பெரிய இயந்திரங்களுக்கான சாதாரண வகையும் இருக்கின்றன. எண் ஒன்றுதான் என்றாலும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை மாட்டக் கூடாது. லோ புரொஃபைலா, சாதாரணமா என்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது எண், கேஜ். செயினின் அடியில் பாரின் பள்ளத்துக்குள் ஓடும் அடிப்பல்லின் கனம் இது. 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்று நான்கு கனங்கள் புழக்கத்தில் உள்ளன. பள்ளத்தைவிடக் கனமான பல் உள்ளே இறங்காது; அது உடனே தெரிந்துவிடும். மெலிந்த பல்லோ உள்ளே போய்விடும், ஓடவும் செய்யும். ஆனால் பக்கவாட்டில் ஆடும். வெட்டு கோணலாகப் போகும். ஒருநாள் பாரைவிட்டுக் கழன்று அடிக்கும். 1.5-க்கும் 1.6-க்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாது. லேத் பட்டறையில் இருக்கும் வெர்னியர் காலிபரால் அளந்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவது எண், அடிப்பல்லின் எண்ணிக்கை. செயினைத் தரையில் போட்டு, ஓர் அடிப்பல்லில் சுண்ணாம்புப் புள்ளி வைத்து எண்ணுங்கள். பாரின் நீளம் ஒன்றாக இருந்தாலும் இந்த எண்ணிக்கை மாறும். 16 அங்குலப் பாருக்கு 3/8 தாழ்ந்த வகைச் செயின் ஒரு நிறுவனத்தில் 55 பல், இன்னொரு நிறுவனத்தில் 56 பல். ஒரு பல் வித்தியாசம்தானே என்று நினைக்க வேண்டாம். ஒன்று குறைந்தால் மாட்டவே முடியாது. கூடினால் இறுக்கும் திருகு கடைசி வரை போனாலும் செயின் தொங்கும்.

இந்த மூன்று எண்களும் பெரும்பாலான பார்களில், இயந்திரத்தோடு சேரும் வால் பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். பாரைக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் பார்த்தால் தெரியும். இன்றைக்கே பார்த்து, கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பாரையே மாற்றுவதாக இருந்தால் பழைய பாரைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். வால் பகுதியின் நடுப்பள்ளம், எண்ணெய் வரும் துளை, இறுக்கும் ஆணிக்கான துளை ஆகிய மூன்றும் உங்கள் இயந்திரத்தோடு பொருந்த வேண்டும். எண்ணெய்த் துளை சற்று விலகியிருந்தாலும் பார் எண்ணெய் இல்லாமல் ஓடி எரிந்துபோகும்.

நம் மரத்துக்கு எந்தப் பல்?

செயினில் வெட்டுப் பற்கள் இடமும் வலமுமாக மாறி மாறி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இதற்கு ஒரு புழு காரணம். 1946-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, மரம் துளைக்கும் வண்டின் புழு ஒன்று மரத்தைத் தின்பதைக் கவனித்தார். நாரின் போக்கிலும் குறுக்கிலும் அது தடையில்லாமல் குடைந்துகொண்டு போனது. அதன் வளைந்த தாடைகள் இடமும் வலமுமாகக் கடித்தன. அதே அமைப்பில் எஃகுப் பல் செய்தார். 1947-இல் அது விற்பனைக்கு வந்தது. இன்று நாம் பயன்படுத்தும் செயின்கள் அந்த வழியில் வந்தவை.

வெட்டுப் பல்லில் முக்கியமாக இரண்டு வகை. முனை கூர்மையான சதுரமாக இருப்பது ஃபுல் சிசெல். சுத்தமான, பச்சையான மரத்தில் இது வேகமாக அறுக்கும். ஆனால் கொஞ்சம் மண் பட்டாலும் மழுங்கிவிடும். முனை சற்று உருண்டிருப்பது செமி சிசெல். வேகம் கொஞ்சம் குறைவு. ஆனால் மண், மணல், காய்ந்த மரம் எல்லாவற்றையும் கூடுதல் நேரம் தாங்கும்.

நம் தோட்டத்தில் எது வேலை? சீமைக்கருவேலத்தின் அடித்தூரில் மண் ஒட்டியிருக்கும், மரமும் கடினம். தென்னையின் வெளிவட்டம் இரும்பு, உள்வட்டம் பஞ்சு. அந்த வெளிவட்டத்தில் உள்ள சிலிக்கா பல்லைத் தேய்த்துவிடும். புயலில் விழுந்து சேற்றில் புரண்ட மரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே பெரும்பாலான விவசாயிகளுக்கு ஏற்றது செமி சிசெல்தான். “வேகமாக அறுக்கும்” என்று கடையில் காட்டும் செயின் உங்கள் மண்ணுக்கு ஏற்றதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. வாங்கும்போதே எதிருதையைக் குறைக்கும் வகைச் செயின் இருக்கிறதா என்றும் கேளுங்கள். புதிதாகப் பழகுபவர் அதை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

தென்னையை நீளவாக்கில் அறுத்துப் பலகையோ கைமரமோ போடுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரணச் செயினின் பல் குறுக்கே அறுப்பதற்காக 25 முதல் 35 டிகிரி சாய்வில் தீட்டப்பட்டது. நீளவாக்கில் அறுக்க ரிப்பிங் செயின் என்று தனியாக இருக்கிறது. அதன் சாய்வு சுமார் 10 டிகிரிதான். குறுக்கு வெட்டுச் செயினால் பலகை போட்டால் பரப்பு கரடுமுரடாகும், இயந்திரமும் திணறும். வேலை அதிகம் இருந்தால் தனிச் செயின் வாங்குவதே லாபம். சில்லறை வேலைக்கு மர அறுவை மில்லே போதும்.

நல்ல செயினும் பராமரிப்பில்தான் நிற்கும்

செயின் மழுங்கிவிட்டதை மரத்தூளே சொல்லும். கூர்மையான பல் சீவல் சீவலாகத் தள்ளும். மாவு போன்ற பொடி வந்தால், ஆளை நிறுத்தி அரத்தை எடுக்க வேண்டும். அரத்திலும் அளவு உண்டு. 3/8 தாழ்ந்த வகைக்கு 4 மில்லிமீட்டர் உருட்டு அரம், 0.325-க்கு 4.8 மில்லிமீட்டர், சாதாரண 3/8-க்கு 5.2 அல்லது 5.5 மில்லிமீட்டர். எல்லாப் பல்லையும் ஒரே நீளத்துக்குத் தீட்ட வேண்டும். ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இருந்தால் வெட்டு ஒருபுறம் இழுக்கும். பல்லுக்கு முன்னால் உள்ள சிறு முனை, பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. பெரும்பாலான செயின்களில் அது பல்லைவிடச் சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். வேகமாக அறுக்கும் என்று நினைத்து அதை அளவுக்கு மீறி ராவிவிட்டால் எதிருதை கூடும். கிரைண்டரில் வைத்துத் தேய்ப்பதும் வேண்டாம். எஃகு நீலம் பாய்ந்தால் பல் பதம் இழந்துவிடும்.

செயினைத் தீட்டும்போதெல்லாம் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இரண்டு பக்கமும் சமமாகத் தேயும். பள்ளத்தில் அடைந்த தூளையும் எண்ணெய்த் துளையையும் சுத்தம் செய்ய வேண்டும். தென்னை அறுத்த பிறகு பல்சக்கரத்தைச் சுற்றி நார் சிக்கியிருக்கும். மூடியைத் திறந்து எடுத்துவிடுங்கள். இரண்டு செயின் தேய்ந்தால் பல்சக்கரத்தையும் மாற்றுவது நல்ல வழக்கம். தேய்ந்த சக்கரத்தில் புதுச் செயினை மாட்டினால் அது புதுச் செயினையும் சீக்கிரம் தின்றுவிடும்.

பார் எண்ணெயில் மிச்சம் பிடிக்க, டிராக்டரில் வடித்த கழிவு எண்ணெயை ஊற்றுபவர்கள் பலர். அதில் இரும்புத் துகள் இருக்கும். அது பம்பையும் பாரையும் அரிக்கும். கையிலும் முகத்திலும் தெறிப்பது உடம்புக்குக் கேடு. மண்ணில் வழிவது தோப்புக்குக் கேடு. வேலைக்கு முன் செயினை ஓடவிட்டு, நுனியை ஓர் அட்டைக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எண்ணெய்க் கோடு விழுந்தால் சரி. செயின் பாரின் அடிப்பக்கம் தொங்காமலும், கையுறை போட்ட கையால் இழுத்தால் தடையில்லாமலும் நகர வேண்டும். வேலை முடிந்ததும் சற்றுத் தளர்த்தி வையுங்கள். சூட்டில் நீண்ட செயின் ஆறும்போது சுருங்கிப் பாரை இறுக்கும்.

விழுந்த மரம் உயிரோடு இருக்கும்

புயலில் சாய்ந்த மரத்தை அணுகும் முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். வளைந்து கிடக்கும் தண்டில் ஒரு பக்கம் நெருக்கிக்கொண்டும் மறுபக்கம் இழுபட்டும் இருக்கும். நெருங்கும் பக்கம் ஆழமாக அறுத்தால் பார் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஆப்பு அடித்து எடுக்க வேண்டும், பிடுங்கக் கூடாது. வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்ததும், வேர்க்கட்டு திடீரென எழுந்து பழைய குழிக்குள் விழலாம். அந்தக் குழியில் யாரும், குறிப்பாகக் குழந்தைகள், நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பனையாக இருந்தால் இன்னொன்றும் நினைவிருக்கட்டும். நிற்கும் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டிருக்கிறது.

தலையில் முண்டாசு, இடுப்பில் லுங்கி, காலில் ரப்பர் செருப்பு என்ற கோலத்தில் செயின்சா பிடிப்பவரை எந்த ஊரிலும் பார்க்கலாம். லுங்கியின் நுனியும் தோளில் தொங்கும் துண்டும் செயினுக்கு இரை. முகத் தடுப்பு உள்ள தலைக்கவசம், காது மூடி, கால் காப்பு, கெட்டியான காலணி ஆகியவை ஆடம்பரம் அல்ல. கூலிக்கு வருபவருக்கு இவற்றை வாங்கிக் கொடுப்பது தோப்புக்காரரின் கடமை.

யார் என்ன செய்ய வேண்டும்?

பழியை விவசாயியின் தலையில் மட்டும் வைப்பது நியாயமாகாது. இயந்திரத்தை விற்கும் கடைக்காரர், ரசீதிலேயே பிட்ச், கேஜ், பல் எண்ணிக்கை மூன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அவருக்கு அது ஒரு நிமிட வேலை. வாடகை மையங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் இயந்திரத்தோடு பாதுகாப்புக் கவசத்தையும், தீட்டிய உபரிச் செயின் ஒன்றையும் சேர்த்தே தர வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறையும் வேளாண் அறிவியல் நிலையங்களும், பருவமழைக்கு முன்பாக வட்டாரத்துக்கு ஒரு நாளாவது செயின் தீட்டுவதையும் எதிருதையைத் தவிர்ப்பதையும் செய்து காட்ட வேண்டும். விரிவாக்கப் பணியாளர்கள் களப்பயணத்தின்போது ஒரு வெர்னியர் காலிபரையும் ஓர் உருட்டு அரத்தையும் பையில் வைத்துக்கொண்டால், நூறு துண்டறிக்கை செய்யாத வேலையை அவை செய்யும். பேரிடர் முன்னேற்பாடு என்று மணல் மூட்டையை எண்ணும் ஊராட்சிகள், ஊரில் எத்தனை செயின்சா ஓடும் நிலையில் இருக்கிறது, அதற்குச் செயின் இருக்கிறதா என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

புயல் வந்த மறுநாள் கடை திறந்திருக்காது. திறந்திருந்தாலும் நம் அளவுச் செயின் இருக்காது. இன்று வெயில் அடிக்கிறது. பாரைக் கழற்றித் துடைத்து, வாலில் உள்ள மூன்று எண்களை ஒரு தாளில் எழுதி இயந்திரப் பெட்டிக்குள் ஒட்டி வையுங்கள். அதே அளவில் ஒரு செயினும் ஓர் அரமும் வாங்கி வையுங்கள். மழைக்கு முன் வரப்பைக் கட்டுவதைப் போல, இதுவும் பருவத்துக்கு முன் முடிக்க வேண்டிய வேலைதான்.